காளிமுத்துவின் பகையாளி

ஆடி மாதத்தில் தேவாலாவில் சண்டை போட வேண்டுமென்றால் நல்ல தொண்டை வேண்டும். தகரத்தின்மேல் விழும் மழைச் சத்தத்தில் பாதித் திட்டு காணாமல் போய்விடும். காளிமுத்துவுக்கு அந்தக் கவலை கிடையாது. அவருடையது காங்கிரீட் வீடு. தேயிலைத் தோட்டத்துக் கூலியாட்களின் வரிசை வீடான லயத்தை விட்டு வெளியேறி, தோட்டத்து எல்லைக்கு அப்பால் சொந்த மண் வாங்கிக் கட்டிய மாடி வீடு. அதன் போர்டிகோவில் நின்று அவர் போட்ட சத்தம் கீழே ரோட்டில் நின்ற ஜீப் வரைக்கும் சுத்தமாகக் கேட்டது.

"எவன் சொன்னான் வீடு விழும்னு? கட்டுனவன் நானு. எனக்குத் தெரியாதது ஒங்களுக்குத் தெரிஞ்சிபோச்சா?"

எதிரே மழைக்கோட்டுக்குள் நின்றது வி.ஏ.ஓ. ஷண்முகப்ரியா. கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெண். விடிந்ததிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கியதில் பூட்ஸ் நிறையத் தண்ணீர், முகம் நிறையச் சலிப்பு.

"ஏனுங்கய்யா, நானா சொல்றேன்? உங்க வாசலே சொல்லுதுங்க. இதப் பாருங்க."

அவள் குடையை மடக்கி, சிமென்ட் வாசலில் குறுக்கே ஓடிய விரிசலில் அதன் முனையை விட்டாள். பாதிக் கம்பி உள்ளே போனது. முந்தின நாள் சாயங்காலம் அதில் ஒரு பீடித்துண்டு நுழையும், அவ்வளவுதான் இருந்தது. காளிமுத்துவுக்கு அது நன்றாகத் தெரியும். காலையில் அதன்மேல் சாக்கை இழுத்துப் போட்டு மறைத்தவரே அவர்தான்.

"சிமென்டுன்னா வெடிக்கத்தான் செய்யும். வெயிலுக்கு வெடிச்சிருக்கு."

"ஆடி மாசத்துல வெயிலுங்களா?"

ஜீப் டிரைவர், மலையாளத்துப் பையன் சுஜித் சிரித்துவிட்டான். காளிமுத்து அவனை ஒரு முறை முறைத்தார்.

"பக்கத்து ஊட்டுக்காரங்க அல்லாரும் ஸ்கூல் முகாமுக்கு வந்துட்டாங்கய்யா. நீங்க ஒருத்தருதான் பாக்கி. போலீசைக் கூப்பிட வெச்சுராதீங்க. உங்க வயசுக்கு நல்லாருக்காது."

"கூப்புடு. வந்து தூக்கிக்கிட்டுப் போவட்டும்."

இதற்குள் வீட்டுக்குள்ளிருந்து இசக்கியம்மா வந்தாள். கையில் பாலிதீன் சுற்றிய அரிசிப் பை. இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் ரேஷன் கார்டும் அவருடைய பிரஷர் மாத்திரையும். சேலையைத் தூக்கிச் செருகி, தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தாள், கொழுந்தெடுக்கப் போகிற நாள்போல.

"வாங்க, போலாம்" என்றாள்.

அந்த இரண்டு வார்த்தைதான். அழுகை இல்லை, பதற்றம் இல்லை, திரும்பி வீட்டை ஒரு பார்வை பார்க்கவும் இல்லை. வி.ஏ.ஓ. சொன்னதைவிட, வானம் கொட்டுவதைவிட, காளிமுத்துவை எரியவைத்தது அதுதான்.

"நீ போ. ஒனக்கென்ன? ஒனக்கு எந்த எடமும் ஒன்னுதான். ஒன் ஆத்தாக்காரி மடியில போயி உக்காரு."

ஆத்தாக்காரி என்று அவர் சொன்னது பெற்றவளை அல்ல. லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருக்கும் மாரியம்மனை.

காளிமுத்துவுக்கு ஊரில் பகையாளிகள் ஒருவர் இருவர் அல்ல. தோட்டத்து மேஸ்திரியோடு பேச்சு கிடையாது, பக்கத்து எல்லைக்காரனோடு வேலித் தகராறு. ஆனால் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிய பகை ஒன்றுதான். கல்யாணமான புதிதில் தொடங்கியது அது. சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடித்ததும் பெண்கள் எல்லாரும் அடுப்பைப் பார்க்க ஓடுவார்கள். இசக்கியம்மா மட்டும் ஒரு சுற்று தாமதமாக வருவாள். கேட்டால் கோயிலுக்குப் போனேன் என்பாள். எவனையோ பார்க்கப் போகிறாள் என்று அவருக்குச் சந்தேகம். ஒரு நாள் சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் பதுங்கிப் பார்த்தார்.

அங்கே எவனும் இல்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, காலை நீட்டிப் போட்டு, அம்மன் கல்லுக்கு எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள். கும்பிடக்கூட இல்லை. வாய் எதையும் முணுமுணுக்கவில்லை. பிறந்த வீட்டுக்கு வந்த மகள், ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பாளே, அப்படி. அந்த முகத்தை அவர் தன் வீட்டில் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆம்பளையாக இருந்திருந்தால் இழுத்துப் போட்டு ரெண்டு சாத்தியிருக்கலாம். மாரியாத்தாளை என்ன செய்வது?

அன்றைக்குப் போட்டி ஆரம்பித்தது. அந்த முகத்தைத் தனக்குக் காட்ட வைத்துவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாக வாங்கி வந்தார். ரேடியோ வந்தது. டிவி வந்தது. லயத்திலேயே முதல் மோட்டார் சைக்கிள் அவர் வாசலில்தான் நின்றது. அவள் கழுத்துக்கு அட்டிகை வந்தது. எதைக் கொடுத்தாலும் இசக்கியம்மா தொட்டுப் பார்ப்பாள், "நல்லாயிருக்குங்க" என்பாள், அடுத்த நிமிஷம் உலையில் அரிசி போடப் போய்விடுவாள். முகம் வாடாது, மலரவும் மலராது. அவள் சரி, அவருக்காவது அந்தச் சாமான்களில் சந்தோஷம் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. வாங்கும் வரை தூக்கம் வராது. வாங்கிய பிறகு அடுத்ததை நினைத்துத் தூக்கம் வராது. மனுஷர் இப்படியே அறுபதைத் தொட்டுவிட்டார்.

கடைசியாகக் கட்டியதுதான் இந்த வீடு. தோட்ட வேலை முடிந்து வந்து தானே கல் உடைத்தார், தானே மண் சுமந்தார். கிரகப்பிரவேசத்தன்று தேவாலா பஜாரே வந்து சாப்பிட்டுவிட்டு, டைல்ஸைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனது. சாயங்காலம் ஆனதும் இசக்கியம்மா கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"எங்கடி போற?"

"கோயிலுக்குத்தாங்க. நேரமாச்சில்ல."

"இன்னைக்குமா? இவ்வளவு பேரு வந்திருக்காங்க. புது வீடு. ஒனக்குச் சந்தோசமே இல்லியா?"

"இருக்குங்க. நல்லாத்தான் கட்டியிருக்கீங்க."

"அப்பறம்?"

"அப்பறம் என்னாங்க? போயிட்டு வந்துடறேன்."

வந்திருந்தவர்கள் முன்னால் பாயச அண்டாவை எட்டி உதைத்தார் காளிமுத்து. அவள் வந்து அதைக் கழுவிக் கவிழ்த்தாள். அதற்குப் பிறகு மாடி எடுத்தார். மாடிக்குப் பிறகு பால்கனி. பால்கனிக்குப் பிறகு, மகன் வினோத் திருப்பூரிலிருந்து கார் வாங்கி வந்தால் நிறுத்த வாசல் வேண்டும் என்று தோன்றியது. வினோத் அன்றும் இன்றும் பஸ்ஸில்தான் வருகிறான் என்பது வேறு விஷயம்.

வாசல் போட இடம் இல்லை. குறுக்கே கான் ஓடியது. மலைச் சரிவில் விழும் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி அடிவயிற்றை அறுத்துவிடாமல், குறுக்கே வழி வெட்டி ஓடைக்குத் திருப்பிவிடும் வாய்க்காலுக்குத் தோட்டத்தில் கான் என்று பேர். காளிமுத்துவின் அப்பா சிலோன் தோட்டத்தில் கான் வெட்டியவர். கப்பலேறி இங்கே வந்த பிறகு காளிமுத்துவும் அதே வேலைதான் பார்த்தார், கான் வெட்டும் ஆட்களுக்குத் தலையாள் ஆகிற வரைக்கும். ஒரு கானில் சருகு அடைத்திருந்தாலே வெட்டியவன் பரம்பரையை இழுத்துத் திட்டுவார். அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டுக் கானில் ஒரு ஒல்லிப் பைப்பைப் போட்டு, மேலே மண்ணை நிரப்பி, சிமென்ட் பூசிவிட்டார். நான்தான் பக்கத்திலேயே இருக்கிறேனே, அடைத்தால் குத்திவிட மாட்டேனா என்று நினைப்பு. கான் வெட்டத் தெரியாதவன் பயந்துபோய் அதைத் தொட்டிருக்க மாட்டான். தெரிந்ததால் வந்த திமிர்தான் அது. இந்த ஆடியில் மேல்காட்டு மண்ணும் சருகும் வந்து பைப்பை அடைத்தன. கம்பி விட்டுக் குத்திக் குத்திப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் எங்கே போகிறது என்று அவருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஜீப் போய்விட்டது. இசக்கியம்மாவும் அதில் போய்விட்டாள். காளிமுத்து கதவைச் சாத்தினார். சாத்த முடியவில்லை, நிலை ஒரு பக்கம் இறங்கி, கதவு பாதியில் இடித்துக்கொண்டு நின்றது. காலால் எத்தினார். அது அசையவில்லை. போனால் போகிறது என்று நாற்காலியை இழுத்துப் போட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்தார். போன் அடித்தது. வினோத்.

"அப்பா, வெளிய வாங்கப்பா. அம்மா போன் பண்ணுச்சி. வீடு போனா போவுது."

"போனா போவுதா? ஒனக்காகக் கட்டுனதுடா இது."

"நான் கேட்டேனா? சொல்லுங்க, நான் கேட்டேனா? நான் அங்க வந்து இருக்கப் போறதில்லன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன். நீங்க ஒங்க வீம்புக்குக் கட்டுனீங்க."

"போன வைடா நாயே."

வைத்த பிறகு கூடம் பெரிதாகத் தெரிந்தது. சமையலறைப் பக்கம் ஒரு டைல்ஸ் 'டக்'கென்று எழும்பி வெடித்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மத்தியானம் சுஜித் ஜீப்பைக் கீழே நிறுத்திவிட்டு ஓடி வந்தான்.

"காளியேட்டா, வா. ஈ வீடு இனி நிக்காது. மேல மண்ணு எளகிடுச்சு, ஞான் கண்டேன்."

"ஒன் வேலையப் பாத்துக்கிட்டுப் போடா."

"சேச்சி அவிட கரையாம, ஒரு சொட்டு அழாம இருக்கு. அத கண்டா எனக்குப் பேடி, பயமாயிருக்கு."

"அவ அழ மாட்டா. அவளுக்குக் கண்ணுல தண்ணியே கெடையாது" என்று கத்திவிட்டு, ஊன்றுகம்பை அவன்மேல் எறிந்தார். சுஜித் விலகிக்கொண்டு, தலையிலடித்துக்கொண்டு போனான்.

மழை கொஞ்சமும் விடவில்லை. வெளிச்சம் மங்க ஆரம்பித்தபோது, சாத்தாத கதவின் சந்து வழியாக உடம்பை நுழைத்து இசக்கியம்மா வந்தாள். கொங்காணிச் சாக்கை உதறி ஓரமாகப் போட்டாள். மடியிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும்.

"எதுக்கு வந்த?"

"காலையிலேருந்து ஒன்னும் சாப்பிடலியே நீங்க."

"வச்சிட்டுப் போ."

அவள் போகவில்லை. எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு அவர் பக்கம் நகர்த்தினாள். இன்னொன்றைத் தானும் எடுத்துக்கொண்டாள்.

"போன்னு சொன்னேன்ல? செத்துப் போவ."

"நீங்க மட்டும்?"

"இது என் வீடு. நான் சாவேன். ஒனக்கு என்னா வந்துச்சி? ஒரு நாளாவது இத ஒன் வீடுன்னு நெனச்சியா? ஒரு நாளாவது சிரிச்சியா? நாய் மாதிரி ஒழைச்சி ஒவ்வொன்னா கொண்டாந்து ஒன் காலடியில போட்டேன். ஏறெடுத்துப் பாத்தியா நீ?"

"பாத்தேங்க."

"என்னத்தப் பாத்த? அந்தக் கல்லுகிட்ட காட்டுற மூஞ்சிய எனக்கு ஒரு நாள் காட்டுனியா? சொல்லு இன்னைக்கு. என்னா கேட்ட அவகிட்ட இத்தன வருசமா? இந்தாளு கட்டுற வீடு மண்ணாப் போவணும்னு கேட்டியா?"

"ஒன்னும் கேக்கலீங்க."

"பொய்."

இசக்கியம்மா கையிலிருந்த ரொட்டியை இலையில் வைத்தாள்.

"மொதல்ல கேட்டேன். இல்லேன்னு சொல்லல. லயத்து வீடு ஒழுவக் கூடாது, நீங்க குடிக்கக் கூடாது, என்னைய அடிக்கக் கூடாதுன்னு தெனமும் கேட்டேன். கேட்டுக் கேட்டு ஒரு நா கேக்குறதுக்கு ஒன்னுமில்லாமப் போச்சி. ஆனா எந்திரிச்சி வர மனசு வரல. சும்மா உக்காந்திருந்தேன். வயிறு நெறயச் சாப்பிட்ட மாதிரி இருந்துச்சிங்க. அது அப்பறம் எறங்கவே இல்ல. நீங்க அடிச்சப்பவும் இருந்துச்சி, அட்டிகை போட்டப்பவும் இருந்துச்சி. நீங்க கொண்டாந்ததுல எதுவும் அத கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல. நான் என்னா செய்யட்டும்? பொய்யா சிரிச்சிக் காட்டவா?"

பசித்தவர் பசிக்காதவளுக்கு வாழ்நாள் முழுக்கச் சமைத்துப் போட்டுவிட்டு, ஏன் சாப்பிடவில்லை என்று சண்டைக்கு நின்றிருக்கிறார். தன் பசியை ஒரு நாளும் பார்க்கவில்லை. இது அவருக்கு அப்போது விளங்கியது என்று சொல்ல முடியாது. அவருக்குக் கோபம்தான் வந்தது. ரொட்டியை வெடுக்கென்று எடுத்ததில் சம்பல் வேட்டியிலும் தரையிலும் கொட்டியது.

மாடியில் ஏதோ சரிந்து உருண்டது. அவர் துள்ளி எழுந்தார். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சிந்திய சம்பலைக் கையால் கூட்டி அள்ளினாள்.

"ஒனக்குப் பயமாயில்லியாடி?"

"பயமாத்தாங்க இருக்கு."

"அப்ப ஏன் உக்காந்திருக்க?"

"நீங்க உக்காந்திருக்கீங்களே."

அவளை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். இவள் பயத்தோடு, தன் பக்கத்தில், இப்படியே உட்கார்ந்து செத்தும் போவாள். அப்போதும் அந்த நிறைவு அவளிடம் இருக்கும். தன்னிடம் இந்த வீட்டைத் தவிர ஒன்றும் இருக்காது. அதைத் தாங்க முடியவில்லை அவருக்கு.

"எந்திரி."

"நீங்க வர்றீங்களா?"

"எந்திரிடின்னா!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கதவுச் சந்தில் நுழைந்து வெளியேறினார். வாசலைத் தாண்டவே முடியவில்லை. விரிசல் அகன்று சிமென்ட் தளம் சாய்ந்திருந்தது. ஓரமாகப் புல்லைப் பிடித்து இறங்கி ரோட்டு வளைவுக்கு வந்தபோது பின்னால் சத்தம் கேட்டது. முதலில் வாசல் கீழே போனது. போர்டிகோத் தூண்கள் முன்பக்கம் மண்டி போட்டன. மாடி கீழ் வீட்டின்மேல் உட்கார்ந்தது. சேறு எல்லாவற்றையும் மூடியது. எவ்வளவோ பெரிய சத்தம் வரும் என்று எதிர்பார்த்திருந்தார். மழையில் பாதிக்குமேல் கேட்கவே இல்லை. இத்தனை வருஷ உழைப்பு இவ்வளவு சுளுவாகப் போய்விட்டதே என்று அவருக்கு அவமானமாக இருந்தது.

பழைய பகையோடு சட்டென்று திரும்பி இசக்கியம்மாவின் முகத்தைப் பார்த்தார். இப்போதும் அது அப்படியே இருந்தால் அங்கேயே அவளைத் தள்ளிவிட்டிருப்பாரோ என்னவோ.

அவள் அழுதுகொண்டிருந்தாள். மாரில் அடித்துக்கொண்டு, வாய் கோணி, சத்தம் போட்டு அழுதாள். ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எம்புட்டுக் கல்லு சொமந்தீங்க… தோள்பட்டை வீங்கிப் போயி வந்து படுப்பீங்களே… ஒத்த ஆளா சொமந்தீங்களே சாமி…"

வீட்டுக்காக அவள் அழவில்லை. அவர் தோளுக்காக அழுதாள். எந்த முகம் மாற வேண்டும் என்று அவர் ஆயுசையே கொட்டினாரோ அந்த முகம் கடைசியில் மாறிவிட்டது. காளிமுத்துவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அன்றிரவு பள்ளிக்கூடத்தில் கொடுத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். விடிந்ததும் மழை தூறலாக இறங்கியது. இசக்கியம்மா முகாம் அடுப்பில் மற்றப் பெண்களோடு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அதைப் பார்த்ததும் காளிமுத்துவுக்குச் சுர்ரென்று ஏறியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மேடேறி, லயத்துக் கோயிலுக்குப் போனார். இத்தனை வருஷத்தில் சில்வர் ஓக் மரத்தைத் தாண்டி அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏய்" என்றார் அம்மன் கல்லைப் பார்த்து. "எந்திரி. ஒங்கிட்டப் பேசணும்."

கல் அதன் பாட்டுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அவ ஒங்கிட்ட என்னா கேட்டா? ஒன்னும் கேக்கல. தெனம் தெனம் வந்து ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்தா. அவள அழ வச்சிட்டியேடி. மாரில அடிச்சிக்க வச்சிட்டியே. எம்மேல கோவம்னா என்னையக் கொல்லு. அவள எதுக்கு ரோட்டுல உக்கார வச்ச? இதான் நீ பாத்துக்கிற லெச்சணமா?"

பதில் இல்லாதது அவருக்கு வசதியாகப் போயிற்று. குரலை உயர்த்தினார்.

"நீ எனக்கு என்னா செஞ்ச? கப்பல்லருந்து எறங்குனதும் மண்டபம் கேம்ப்புல எங்கம்மாவ வாரிக்கிட்டுப் போன. நான் சின்னப் பய. துணி விரிச்சி மூடுனாங்க, எழுப்புறேன் எழுப்புறேன்னு போனேன், இழுத்துப் புடிச்சிக்கிட்டாங்க. எங்கப்பன் கான்லயே விழுந்து செத்தான். கையில மம்பட்டி இருந்துச்சி. அதையும் விட்டுடுறேன். எம்மவ? எம்மவ சக்தி?"

வினோத்துக்கு முன்னால் பிறந்த பெண். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. சொன்னதும் கொட்டகைக் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த மாதிரிதான் மழ. ஆசுபத்திரிக்குப் போற பாலம் முங்கிப் போச்சி. காச்சல் கொதிக்குது. தோள்ல போட்டுக்கிட்டு இக்கரையில நின்னேனே, அப்ப எங்கடி போன? அப்பா, தண்ணின்னு கேட்டா. சுத்தி எல்லாமே தண்ணி. நான் என்னா குடுப்பேன்? சொல்லு. பேசாம இருந்தா விட்டுருவேன்னு நெனைக்காத."

கத்தினார். கெட்ட வார்த்தையும் சொன்னார். கம்பியைப் பிடித்து உலுக்கினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஊரில் யாரிடமாவது இதில் கால்வாசி பேசியிருந்தாலும் அடுத்தவன் எழுந்து போயிருப்பான், அல்லது திருப்பி அடித்திருப்பான். இங்கே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நகராமல், எதிரே இருந்தது அது. குரல் கம்மிப் போனபோதுதான் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. இசக்கியம்மா கையில் பாலில்லாத டீ டம்ளரோடு நின்றிருந்தாள்.

"என்னாங்க, சாயத்தண்ணி ஆறுது. அங்க சோறும் எறக்கியாச்சி. வர்றீங்களா?"

"நீ போ" என்றார் அவர், திரும்பாமலே. "நான் இன்னும் பேசி முடிக்கல."

அவள் டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

காளிமுத்து துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். நின்று நின்று முழங்கால் வலித்தது. செருப்பை உதறிவிட்டு உள்ளே ஏறி, ஈரத் தரையில் கல்லுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அடுத்தது கேட்டுக்க" என்றார்.

அடுத்ததும் சக்தியைப் பற்றித்தான் வந்தது. அதற்கடுத்து, கல்யாணமான புதிதில் இசக்கியம்மாவை அடித்தது வந்தது. வீட்டைப் பற்றி அவர் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அது மறந்தே போயிருந்தது.